அறியாமற் செய்யும் தீங்கும் பதினேழாண்டுச் சில்வண்டும்



சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முடிந்து, விளக்குகளை அணைக்கும் வேளையில், மூதாட்டியார் ஒருவர் நம்மிடம் வந்து நின்றார். ஆலை ஒன்றின் முற்றத்தைப் பெருக்கிப் பிழைப்பவர் அவர். "ஐயா, விடியுமுன் இருட்டில் பெருக்குகிறேன். துடைப்பத்தின்கீழ் எத்தனை எறும்பு சாகிறதோ தெரியாது. அந்தப் பாவம் எனக்கு உண்டா?" என்று கேட்டார். "அம்மா, கொல்ல வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இல்லை. எண்ணத்தையே பகவான் வினை என்றார். கவலையின்றிப் போய் வாருங்கள்" என்று விடை கூறினோம். இருபதாண்டுகளாய்ப் பல ஊர்களில் பலருக்கு நாம் கூறி வந்த விடை அது. அவரும் மன நிறைவோடு சென்றார்.

நமக்குத்தான் அந்நிறைவு நீடிக்கவில்லை. சில வாரங்கள் கழிந்து ஒரு பூச்சியின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அது நம் நாட்டுப் பூச்சி அன்று. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் மட்டும் வாழ்வது. எனினும் அதன் கதையைப் படிக்கப் படிக்க, நாம் சொல்லிய விடை அரைகுறையானது என்னும் எண்ணம் வலுத்தது. அதனை இங்கே எழுதுவதற்குக் காரணம் இதுவே.

கோடையில் மரத்தில் ஒட்டிக்கொண்டு காது அடைக்கும்படி இரையும் சில்வண்டை நம்மவர் அறிவர். நம் பழைய நூல்கள் சிள்வீடு என்று குறிப்பது இதனையே. இரவில் வீட்டு மூலையில் ஒலிக்கும் சுவர்க்கோழி வேறு. சில்வண்டுகள் உலகில் மூவாயிரம் வகைக்கு மேல் உண்டு. பெரும்பாலானவை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும். அமெரிக்காவிலுள்ள ஏழு வகைகளோ அவ்வாறு செய்வதில்லை. அவற்றுள் மூன்று வகை 17 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், நான்கு வகை 13 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ஓரிடத்தவை அனைத்தும் ஒன்றாக மண்ணைவிட்டு எழுகின்றன.

தாய்ப்பூச்சி பென்சில் பருமனுள்ள சிறு கிளையைக் கீறி அதனுள் முட்டையிடும். ஆறேழு வாரங்களில் குஞ்சு வெளிவந்து, எறும்பினும் சிறிய உடம்போடு மண்ணில் விழுந்து, துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். அங்கே மரத்தின் வேரில் வாய் வைத்து, வேரினின்று மேலேறும் நீர்ச்சாற்றை உறிஞ்சிக்கொண்டு, இருளில் 17 ஆண்டு இருக்கும். அச்சாறு பெரும்பாலும் தண்ணீர்; சத்து மிகக் குறைவு. ஆதலின் வளர்ச்சி மெதுவாகவே நடைபெறும். உரிய ஆண்டின் வசந்தத்தில், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆழத்து மண் 18 பாகை உஷ்ணம் அடைந்ததும், ஒரு மழைக்குப் பின் பெரும்பாலும், மாலையில் வெளியே வந்து மரமேறித் தோலுரித்துச் சிறகு விரிக்கும். சிவந்த கண்களும் கரிய உடலும் உடையது. ஆண் பாடும், பெண் கேட்கும். மூன்று நான்கு வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். பதினேழாண்டுத் தவத்துக்கு ஒரு மாதப் பயன்.

இதனை முதன்முதல் ஒழுங்காகக் கணக்கிட்டவர்களுள் ஒருவரைப் பற்றி இங்கே சற்று நின்று கூறவேண்டும். பெஞ்சமின் பானெக்கர் என்பவர் மேரிலாந்தில், பால்டிமோர் நகருக்கு அருகே, விடுதலை பெற்ற கறுப்பினக் குடியில் 1731-இல் பிறந்தவர். புகையிலை பயிரிட்ட உழவர். பள்ளிப் படிப்பு மிகச் சிறிது. இரவல் வாங்கிய நூல்களைக் கொண்டு வான நூலைத் தாமே கற்றுப் பஞ்சாங்கம் கணித்தவர். 1749-இல் இப்பூச்சிகள் திரளாய் எழுந்தபொழுது அவர் பதினேழு வயது இளைஞர். விளைச்சலை அழிக்க வந்தவை என்று எண்ணி, கையில் கிடைத்ததைக் கொண்டு அவற்றைக் கொல்லத் தொடங்கினார். சிறிது நேரத்தில் அவ்வுழைப்பு வீண் என்று கண்டு நிறுத்திவிட்டார். பின் 1766-இல் அவை மீண்டும் வந்தன. 1783-இல் மீண்டும் வந்தன. 1800-இல் வரும் என்று முன்கூட்டிக் குறித்து வைத்தார். அவை வந்தன. நான்கு முறை அவற்றைக் காண ஒரு மனிதனுக்கு அரை நூற்றாண்டு வேண்டும். கொல்ல எடுத்த கையைக் கீழே விட்டு, எழுதுகோலை எடுத்து, காத்திருந்து கண்ட மெய் அது. அடிமை முறையைக் கண்டித்து 1791-இல் தாமஸ் ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதியவரும் இவரே. கல்வி நமக்கு மறுக்கப்பட்டது என்று வருந்தும் நம் இளைஞர் இப்பெயரை மறவாதிருப்பார்களாக. பானெக்கர் கண்ட அதே கூட்டத்தின் வழிவந்தவைதான் 2021-இல் வாஷிங்டன் நகரைச் சூழ எழுந்து இரைந்தவை.

1898-இல் மார்லட் என்னும் பூச்சியியலார் இக்கூட்டங்களுக்கு ரோமானிய எண்களால் பெயரிட்டு, எந்தக் குழாம் எந்த ஆண்டில் எங்கே எழும் என்று முறைப்படுத்தினார். இன்று எஞ்சியுள்ள குழாங்கள் 15. பதினேழாண்டினவை 12, பதின்மூன்றாண்டினவை 3. பானெக்கர் கண்டது 10-ஆம் குழாம். 2024-இல் 13-ஆம் குழாமும் 19-ஆம் குழாமும் ஒரே ஆண்டில் எழுந்தன. முன்னது பதினேழாண்டினது, பின்னது பதின்மூன்றாண்டினது. அவ்விரண்டும் அதற்குமுன் ஒருசேர எழுந்தது 1803-இல். இடையே 221 ஆண்டு.

இவை ஏன் ஒரே ஆண்டில் எழவேண்டும்? இவற்றுக்குக் கொடுக்கு இல்லை, விஷம் இல்லை, வேகமாகப் பறக்கவும் தெரியாது. எண்ணிக்கையே இவற்றின் கவசம். இல்லினாய் மாநிலத்தில் ஆற்றோரக் காடு ஒன்றில் ஏக்கருக்குப் பதினைந்து லட்சம் பூச்சிகள் எழுந்ததாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கின்றனர். பறவையும் அணிலும் வயிறு நிறையத் தின்று, தின்னமாட்டாது ஓய்ந்தபின், எஞ்சியவை இனம் பெருக்கும். ஆகவே தன் கூட்டத்தோடு வாராமல் ஓராண்டு முந்தியோ பிந்தியோ வந்த சில்வண்டின் கதி என்ன? அது பறவைக்கு இரை. நாம் ஆலையில் வேலை பார்த்த காலத்தில், சங்கு ஊதும் முன் வந்தவன் மூடிய கதவின் வெளியே நிற்பான். பின் வந்தவன் ஒரு நாட்கூலியை இழப்பான். நமக்காவது இழப்பு ஒரு நாளோடு போயிற்று. இப்பூச்சிக்குப் பிறவி முழுதும் ஒரே ஒரு சங்குதான்.

அச்சங்கினை ஊதுவார் யார்? இங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது.

மண்ணுக்குள் பகலும் இல்லை, இரவும் இல்லை. ஆண்டுகளை இப்பூச்சி எவ்வாறு எண்ணுகிறது என்பதைக் கலிபோர்னியாவில் கார்பன் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் ஒரு சோதனையால் கண்டனர். பதினைந்து ஆண்டு நிறைந்த குஞ்சுகளை எடுத்து வந்து பீச் மரங்களின் வேரில் விட்டனர். அவற்றுள் சில மரங்களை ஓர் ஆண்டிலேயே இருமுறை தளிர்க்கச் செய்தனர். அம்மரங்களின் வேரிலிருந்த குஞ்சுகள் ஓராண்டு முந்தி வெளிவந்துவிட்டன. இம்முடிவு 2000-இல் வெளியாயிற்று. இதனால் அறியப்படுவது யாதெனில், சில்வண்டு எண்ணுவது ஆண்டை அன்று; மரம் தளிர்க்குந்தோறும் வேர்ச்சாற்றில் நேரும் மாறுதலையே எண்ணுகிறது. மரம் தளிர்ப்பதோ காற்றின் வெம்மையைப் பொறுத்தது. காற்றின் வெம்மை இன்று எதனைப் பொறுத்தது?

2007 ஜனவரியில், குளிர் கடுமையாய் இருக்கவேண்டிய ஒஹாயோ நாட்டில் வெம்மை பரவிற்று. வசந்தம் வந்தது என்று மேப்பிள் மரங்கள் தளிர்க்கத் தொடங்கின. பின் உறைபனி விழுந்து தளிர் கருகிற்று. மெய்யான வசந்தத்தில் மரங்கள் மறுபடி தளிர்த்தன. சின்சினாட்டி நகர்ப் பகுதியில் 2008-இல் எழவேண்டிய 14-ஆம் குழாத்தில் ஒரு பகுதி 2007-லேயே எழுந்துவிட்டது. பொய் வசந்தத்தையும் ஓர் ஆண்டாக அவை எண்ணிவிட்டன என்று அங்குள்ள ஆராய்ச்சியாளர் கருதினர். ஓராண்டு மட்டும் அன்று, நான்காண்டு முந்துவதும் உண்டு. சிகாகோவின் புறநகர்களில் 1973-இல் எழவேண்டியவை பெருந்தொகையாய் 1969-இல் எழுந்தன. 2021-இல் எழவேண்டிய 10-ஆம் குழாத்தில் பல இடங்களில் பல 2017-இல் எழுந்தன. வளர்பருவம் நீண்டு, குஞ்சுகள் விரைந்து வளர்வதால் இவ்வாறு முந்துதல் மிகுந்து வருகிறது என்றும், பதினேழாண்டுக் கூட்டங்கள் சில காலப்போக்கில் பதின்மூன்றாண்டினவாய் மாறக்கூடும் என்றும் அறிஞர் சிலர் கருதுகின்றனர். முடிந்த முடிபாக அவர்கள் கூறவில்லை, நாமும் கூறவில்லை. 17 ஆண்டுக்கு ஒருமுறை காணும் ஒன்றில் முடிபு காண்பது எளிதன்று.

மற்றொரு தீங்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. இக்குழாங்களுள் இரண்டு இன்று இல்லை. 21-ஆம் குழாம் புளோரிடாப் பகுதியில் 1870-இல் கடைசியாகக் காணப்பட்டது. 11-ஆம் குழாம் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது. அது கடைசியாகக் காணப்பட்ட ஆண்டு 1954. பின் 1971, 1988, 2005, 2022 என அதன் முறை நான்கு முறை வந்து போயிற்று, எதுவும் எழவில்லை. லாங் ஐலண்ட் தீவில் 10-ஆம் குழாம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. மரத்தை வெட்டினால் வேர் வாடும். வேரில் தொங்கும் உயிர் பட்டினியால் மாயும். மண்ணின்மேல் தார்ச்சாலையும் சிமெண்டும் பரப்பினால், முறை வரும்போது எழுவதற்கு வழி இராது. தூரம் பறக்க மாட்டாதவை ஆகையால், ஓரிடத்தில் அழிந்தால் வேறிடத்தினின்று வந்து அங்கே குடியேறுவதும் அரிது. நியாயத்துக்காக மறுபக்கமும் கூறவேண்டும். இவை வெயில் படும் காட்டோரங்களை விரும்பி முட்டையிடுபவை. பழைய மரங்களை நிறுத்திவைத்து வீடு கட்டிய புறநகர்கள் சிலவற்றில் இவை செழித்தே இருக்கின்றன. மனிதன் வந்ததனாலேயே எல்லாம் கெட்டது என்பது மெய்யன்று. மரத்தை என்ன செய்தான் என்பதே கேள்வி.

இனி மூதாட்டியாரிடம் நாம் கூறிய விடைக்கு வருவோம். எண்ணம் இல்லாத இடத்தில் வினை இல்லை. அங்ஙனமாயின், கனெக்டிகட்டில் காட்டை வெட்டிய உழவன் குற்றமற்றவன். அவன் நிலம் திருத்தினான். காலடியில் ஓர் இனம் உறங்குவதை அறியான். சரி. சாலை போட்டவன்? 1898 முதல் எந்தக் குழாம் எங்கே என்று அச்சிட்ட நூல் இருக்கிறது, கேட்டிருந்தால் அறிந்திருப்பான். அவன் "அறியேன்" என்பது அறியாமையா, கேளாமையா? இரண்டும் ஒன்று என்று நாம் இதுவரை போதித்து வந்தோம் போலும். அப்பால், கரியையும் எண்ணெயையும் எரித்துக் காற்றை வெம்மையாக்குகின்ற கோடானுகோடி மக்கள்? அவர்களுள் ஒருவருக்கும் ஒரு சில்வண்டின்மேலும் பகை இல்லை. ஒருவருடைய பங்கைத் தனியே எடுத்துக் காட்டவும் இயலாது. நாமும் கொதிகலன் ஓட்டிய ஆலையில் இருபது ஆண்டுக்கு மேல் கூலி வாங்கியவர். அந்தப் புகைபோக்கி கக்கியதில் ஒரு பகுதி இன்றும் காற்றில் இருக்கிறது என்பர். எண்ணமே இல்லை, ஆனால் தீங்கு மலைபோல் இருக்கிறது. "எண்ணம் இல்லை" என்னும் ஒரே சொல்லால் இம்மலையை நகர்த்திவிட முடியுமா?

இவ்வாறு கலங்கியிருக்கையில் விநயத்தில் நாம் பன்முறை படித்துக் கடந்துபோன ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. ஆதியில் பிக்ஷுக்கள் மழைக்காலத்திலும் ஊரூராய் நடந்துகொண்டிருந்தனர். பசும்புல்லை மிதித்துச் சிற்றுயிர்களை நசுக்குகிறார்களே, மற்றச் சமயத்துறவிகள்கூட மழையில் ஓரிடத்தில் தங்குகிறார்களே, பறவைகளும் கூட்டில் அடங்குகின்றனவே என்று மக்கள் குறை கூறினர். அது பகவானுக்கு எட்டிற்று. அப்பொழுது அவர் என்ன செய்தார்? பிக்ஷுக்களுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை, ஆகையால் குற்றமில்லை என்று கூறி மக்களை அனுப்பிவிடவில்லை. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்று விதித்தார். பிக்ஷு மண்ணைத் தோண்டலாகாது என்னும் விதியும் இதுபோல மக்கள் குறை கூறியபின் எழுந்ததே. எண்ணம் வினையை அளக்கும் கோல் என்பது உண்மை. ஆனால், தீங்கு நேர்கிறது என்று தெரிந்துவிட்டபின் நடையை மாற்றவேண்டும் என்பதும் அவரே காட்டியது. முதலாவதை மட்டும் எடுத்துச் சொல்லி, இரண்டாவதை நாம் விட்டுவிட்டோம். ஆறுதல் கூறுவது எளிதாய் இருந்தது, அவ்வளவே.

மறு ஞாயிற்றுக்கிழமை அம்மூதாட்டியாரைக் கண்டு இதனைக் கூறினோம். பொறுமையாய்க் கேட்டார். பின் சொன்னார்: "மழைக்கு மூன்று மாதம் நான் வீட்டில் இருந்தால் எனக்குச் சோறு யார் போடுவார், ஐயா?"

இதற்கும் விடை வேண்டும் அல்லவா? பிக்ஷு தங்கினால் உபாசகர் உணவளிப்பர். கூலிக்காரர் தங்கினால் கூலி நிற்கும். நடையை மாற்று என்று சொல்லும்போது, மாற்றக்கூடியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், பாரமெல்லாம் துடைப்பம் பிடித்தவர்மேல் வந்து விழும். இருட்டில் பெருக்கச் சொன்னவர் அவர் அல்லர். முற்றத்துக்குச் சிமெண்டு பூசத் தீர்மானித்தவரும் அல்லர். எந்தக் கரியை எவ்வளவு எரிப்பது என்று கணக்கெழுதியவர் அவர் வீட்டுத் தெருவில் ஒருநாளும் நடந்ததில்லை. தீங்கை அறிந்தும் வேறு வழியைத் தேர்ந்துகொள்ளும் ஆற்றல் எவரிடம் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவே அவர் பங்கு என்று இப்பொழுது நாம் கருதுகிறோம். ஆதலின், மூதாட்டியாருக்கு நாம் முதலில் சொன்ன விடையைத் திரும்பப் பெறவில்லை. அதே விடையை அவருடைய முதலாளியும், நாம் அறிந்த ஒப்பந்தக்காரரும், ஏன், நாமும்கூட நம்முடையதாக எடுத்துக்கொள்ளப் பார்த்தோமே, அதனையே மறுக்கிறோம்.

ஒரு பூச்சிக்கு இத்தனை பேச்சா என்று கேட்பவர் இருக்கலாம். 2021-இல் அப்பூச்சிகள் எழுந்தபோது வாஷிங்டன் பக்கத்துக் காடுகளில் எண்பதுக்கு மேற்பட்ட பறவை வகைகள் அவற்றைத் தின்னத் திரும்பின. பறவைகள் விட்டுவிட்டதால் கம்பளிப்புழுக்கள் இருமடங்காயின. அவை ஓக் மரத்தின் இலைகளை மிகுதியாய்த் தின்றன. 2023-இல் வெளியான ஆராய்ச்சி இது. ஒன்றைப் பற்றி ஒன்று தோன்றுகிறது என்று நாம் மேடையில் கூறுவதை ஒரு காடு முழுதும் நடத்திக் காட்டுகிறது. காலம் மாறினால் பூச்சியும் மாறிக்கொள்ளும், பனியுகத்தையே தாண்டியவை அல்லவா என்பாரும் உண்டு. தாண்டியவைதான். ஆனால் பதினேழாண்டுக்கு ஒரு தலைமுறை காணும் உயிருக்கு ஒரு நூற்றாண்டில் கிடைப்பவை ஆறு தலைமுறைகூட நிறையவில்லை. அதற்குள் மாறிக்கொள் என்று அதனிடம் யார் சொல்வது?

நம் நாட்டிலும் இத்தகையது ஒன்று உண்டு. மேகாலயத்தின் ரி போய் மாவட்டத்தில் நான்காண்டுக்கு ஒருமுறை திரளாய் எழும் சில்வண்டை அங்குள்ளோர் நியாங்தாசெர் என்பர். இரவில் பந்தம் கொளுத்திப் பிடித்து உண்பர். அறிவியல் நூலில் அதற்குப் பெயர் இட்டது 2013-இல்தான். அக்காடுகளைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி இல்லை. அங்கே வாழ்கின்றவர்களே அதனைப் பேசவேண்டும்.

2021-இல் முட்டையிட்டு மடிந்த 10-ஆம் குழாத்தின் மக்கள் இப்பொழுது மேரிலாந்து மண்ணில், பானெக்கர் உழுத நிலத்துக்கு அருகிலும், வேரைப் பற்றிக்கொண்டு இருக்கின்றன. அவற்றின் முறை 2038. நான்காண்டு முந்துபவை எத்தனை என்பது 2034-இல் தெரிந்துவிடும்.